வாசகர் கேள்வி – பதில்: இன்ஜினுக்கு அடியில் ஒரு போல்ட்

மோட்டார் சைக்கிளின் இன்ஜின் ஆயிலை நாமே மாற்றுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆயிலைப் பற்றிக் கேட்கவில்லை. ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்டைப் பற்றித்தான் கேட்டிருந்தன. கையேடுகள் அதை ட்ரெயின் பிளக் என்கின்றன, பட்டறைகளில் ஆயில் போல்ட் என்பார்கள். இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஸ்பேனர் பலமுறை வழுக்கியதில் என் வண்டியின் ஆயில் போல்ட் தலை மழுங்கிவிட்டது. ஹார்டுவேர் கடையில் அதே 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை வாங்கி வந்தேன். கையால் இரண்டு சுற்று சுலபமாக ஏறியது, அதன் பிறகு நின்றுவிட்டது. ஸ்பேனர் போட்டு அழுத்தினால் ஏறிவிடுமா?

பதில்: ஏறிவிடும், இன்ஜின் கூட்டிலுள்ள மரையைக் கையோடு சீவிக்கொண்டு ஏறும். இதுவரை அழுத்தாமல் இருந்தீர்கள் என்றால் பெரிய செலவிலிருந்து தப்பித்திருக்கிறீர்கள். 12 மில்லிமீட்டர் என்பது போல்ட்டின் குறுக்களவு மட்டுமே. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளியை, அதாவது பிட்சை, அது சொல்வதில்லை. பொதுப் பயன்பாட்டுக்குக் கடைகளில் கிடைக்கும் 12 மி.மீ. போல்ட்டின் பிட்ச் பெரும்பாலும் 1.75 மி.மீ. ஆக இருக்கும். ஆயில் போல்ட்டுகளிலோ நெருக்கமான மரையே வழக்கம். ஹோண்டா, கவாசாகி வண்டிகள் பலவற்றில் அது எம்12×1.5 (அதாவது 12 மி.மீ. குறுக்களவு, 1.5 மி.மீ. பிட்ச்), யமஹா வண்டிகள் பலவற்றில் எம்14×1.5. உங்கள் துளை 1.5 ஆகவும் வாங்கிய போல்ட் 1.75 ஆகவும் இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் கால் மில்லிமீட்டர் பிசகு சேர்ந்துகொண்டே போகும். முதல் இரண்டு சுற்றுகளை மரைகளுக்கிடையே உள்ள சிறு தளர்வு பொறுத்துக்கொள்ளும், மூன்றாவது சுற்றில் முட்டி நிற்கும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான். 1.25 பிட்ச் உள்ள போல்ட்டும் இதே மாதிரிதான் ஏமாற்றும்.

தலை மழுங்கியிருந்தாலும் பழைய போல்ட்டின் மரை நன்றாகத்தான் இருக்கும் என்பதால், அதைத் தூக்கிப் போட்டுவிடாமல் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெர்னியர் காலிப்பரில் ஏழு மரை முகடுகளை, அதாவது ஆறு இடைவெளிகளை அளந்தால், 1.5 பிட்சுக்கு 9 மி.மீ., 1.75-க்கு 10.5 மி.மீ., 1.25-க்கு 7.5 மி.மீ. வரும். காலிப்பரும் இல்லையென்றால் பழைய போல்ட்டையும் புதிய போல்ட்டையும் பக்கவாட்டில் ஒன்றோடொன்று சேர்த்து, மரைக்குள் மரை பதியும்படி அழுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு சீப்புகளின் பற்கள் கோர்த்துக்கொண்டது போல் இடையில் வெளிச்சக் கீற்றே தெரியாமல் பொருந்தினால் பிட்ச் ஒன்றுதான். ஒரு முனையில் பொருந்தி மறுமுனையில் ஏறி நின்றால் அந்தப் போல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். குறுக்களவை அளக்கும்போது 12-க்குப் பதில் 11.8 அல்லது 11.9 என்று வந்தால் குழம்ப வேண்டாம். போல்ட்டின் மரை பெயரளவைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வெட்டப்பட்டிருக்கும்.

பிட்ச் பொருந்தினாலும் சாதாரணப் போல்ட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆயில் போல்ட்டின் தலைக்கு அடிப்பகுதி, வாஷர் முழுவதும் ஒரே சீராக உட்காரும்படி அகலமாகவும் தட்டையாகவும் செய்யப்பட்டிருக்கும், சாதாரணப் போல்ட்டுக்கு அந்த அக்கறை தேவையில்லை. நீளத்தையும் பார்க்க வேண்டும். நீளமான போல்ட் உள்ளே இருக்கும் வலை வடிகட்டியிலோ சுழலும் பாகத்திலோ இடிக்கலாம். குட்டையான போல்ட் நாலைந்து மரையை மட்டுமே பிடித்துக்கொண்டு, முறுக்கும் விசை முழுவதையும் அந்த நாலைந்தின் மேலேயே ஏற்றிவிடும். ஆகவே வண்டியின் மாடலையும் தயாரித்த ஆண்டையும் கொண்டு உதிரிபாகப் பட்டியலில் எண்ணைப் பார்த்து வாங்குவதே நல்லது. புதிய போல்ட்டைப் போடும்போது முதலில் அதைத் துளையில் வைத்துக் கழற்றும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். மரையின் தொடக்கம் கூடும் இடத்தில் 'டக்' என்று ஒரு சிறு விழுகை விரலுக்குத் தெரியும். அங்கிருந்து இறுக்கும் திசையில் திருப்பினால் மரை கோணலாக ஏற வாய்ப்பில்லை. தலை மறுபடி மழுங்காமல் இருக்கப் பன்னிரண்டு முனை சாக்கெட்டை விட்டு, ஆறு முனை சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் வாஷரையும் மாற்ற வேண்டும் என்று கையேடு சொல்கிறது. எங்கள் மெக்கானிக்கோ பழையதையே போடுகிறார், கேட்டால் "இது செம்பு சார், ஆயுசுக்கும் வரும்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: கையேடு சொல்வதுதான் சரி. ஆனால் மெக்கானிக்கின் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆயில் போல்ட்டின் மரை நேர் மரை, அதாவது நுனிவரை ஒரே தடிமனானது. அது போல்ட்டைப் பிடித்துக்கொள்ளுமே தவிர ஆயிலைத் தடுக்காது. ஆயிலைத் தடுப்பது தலைக்கும் கூட்டுக்கும் நடுவில் நசுங்கும் அந்த மெல்லிய வளையம்தான். அது எந்த அளவுக்கு மென்மையாக இருக்கிறதோ அந்த அளவுக்குக் குறைந்த விசையிலேயே இரு பக்கத்துக் கீறல்களையும் பள்ளங்களையும் நிரப்பிவிடும். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிக் கடினமாகிவிடும் என்பதால், அதே வாஷர் அடுத்த முறை கசியாமல் இருக்க முன்பைவிட அதிகமாக முறுக்க வேண்டியிருக்கும், அதற்கடுத்த முறை இன்னும் அதிகமாக. கடைசியில் அந்த விசையைத் தாங்க முடியாமல் பிய்த்துக்கொள்வது அலுமினியக் கூட்டின் மரைதான்.

செம்பை மீண்டும் மென்மையாக்க முடியும் என்பதே மெக்கானிக் சொன்னதில் உள்ள பாதி உண்மை. வாஷரைக் கம்பியில் கோர்த்து, வெளிச்சம் குறைந்த இடத்தில், தீச்சுவாலையில் மங்கலான சிவப்பு வரும் வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் அது பழைய மென்மைக்கு வந்துவிடும். எஃகைப் போலச் செம்பு தண்ணீர் பட்டால் கடினமாவதில்லை. மேலே படியும் கருஞ்செதிலைத் தட்டையான பரப்பில் விரித்த மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஆனால் தட்டையான ஒற்றைத் தகட்டுச் செம்பு வாஷருக்கு மட்டுமே இந்த வைத்தியம் பொருந்தும். மெல்லிய தகட்டை உள்ளே மடித்துச் செய்த வகை ஒருமுறை நசுங்கினால் அதோடு சரி. அலுமினிய வாஷரில் இதை முயலவே கூடாது. 660 டிகிரி செல்சியஸில், சிவக்கும் அறிகுறியே காட்டாமல் அது உருகி விழுந்துவிடும். எஃகு வளையத்தின் உள்விளிம்பில் ரப்பர் ஒட்டிய வாஷர் குறைந்த விசையிலேயே நன்றாக அடைக்கும், பலமுறை பயன்படும். ஆனால் அந்த ரப்பர் சூடான ஆயிலைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண நைட்ரைலைவிட 200 டிகிரி வரை தாங்கும் வைட்டான் மேல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போல்ட்டைக் கழற்றும்போது பழைய வாஷர் அதோடு வராமல் கூட்டின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவது உண்டு. கறுத்த ஆயில் படிந்து கூட்டின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே புதிய வாஷரைப் போட்டு முறுக்கியவர்கள், "புதிய வாஷர் போட்டும் கசிகிறதே" என்று எழுதுகிறார்கள். துளையின் முகத்தைத் துணியால் துடைத்து நகத்தால் ஒருமுறை சுற்றிப் பார்த்தால், விளிம்பு தட்டுப்படுகிறதா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: என் வண்டியின் அடியில் இரண்டு போல்ட்டுகள் இருக்கின்றன. எது ஆயில் போல்ட்?

பதில்: இதைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டீர்களே, அது நல்லது. சில இன்ஜின்களில் கியர் மாறும் உருளையை நிலைநிறுத்தும் சிறு குண்டும் ஸ்பிரிங்கும் ஒரு போல்ட்டுக்குப் பின்னால் இருக்கும். ஆயில் போல்ட் என்று நினைத்து அதைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் குண்டும் ஆயில் தட்டில் விழும். வேறு சில இன்ஜின்களில் பெரிய மூடி ஒன்று இருக்கும், அதற்குள் ஸ்பிரிங்கும் வலை வடிகட்டியும் ஒளிந்திருக்கும். அந்த மூடியை அடைப்பது வாஷர் அல்ல, ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம். ஆகவே ஆயில் போல்ட்டுக்கு வாங்கியது அங்கே பொருந்தாது. ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்திருக்கும் வறண்ட சம்ப் வகையில், தொட்டிக்கு ஒன்றும் இன்ஜினுக்கு ஒன்றுமாக இரண்டுமே ஆயில் போல்ட்டுகளாக இருக்கலாம். அளவுகள் ஒன்றாக இருக்கும் என்று எண்ணி இரண்டுக்கும் ஒரே போல்ட்டை வாங்கிவிடாதீர்கள். கையேட்டின் படத்தில் உறுதி செய்துகொண்ட பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

கேள்வி: காந்தம் பதித்த ஆயில் போல்ட் போட்டால் இன்ஜின் ஆயுள் கூடும் என்கிறார்கள். உண்மையா? எப்படிப்பட்டதை வாங்குவது?

பதில்: ஆயுள் கூடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதை முன்கூட்டியே காட்டும் என்று சொல்வேன், அதுவே போதுமான காரணம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இன்ஜின், கியர் பெட்டி, கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. கியர்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் பற்களின் விளிம்பிலிருந்து உதிரும் எஃகுத் துகள் அதே ஆயிலில்தான் மிதக்கிறது. கார் இன்ஜினைவிட இங்கே காந்தத்துக்கு வேலை அதிகம் என்பது அதனால்தான்.

கழற்றியதும் காந்தத்தின் முனையை வெள்ளைக் காகிதத்தில் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போன்ற மெல்லிய பசை வந்தால் அது வழக்கமான தேய்மானம். புதிய வண்டியின் முதல் ஆயில் மாற்றத்தில் அது கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். விரலுக்கிடையில் தேய்த்தால் நெருடும் சில்லுகள், நகத் துண்டு போல் வளைந்த இழைகள், ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் உடைந்த சொரசொரப்போடும் இருக்கும் துண்டு ஆகியவை வந்தால் கியர் பல்லையோ பேரிங்கையோ பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அலுமினியம், பித்தளை, வெண்கலம், கிளட்ச் தட்டின் உரசல் துகள் எதையும் காந்தம் பிடிக்காது. பிஸ்டனும் பல இன்ஜின்களின் புஷ்களும் (தண்டுகளைத் தாங்கும் உலோக வளையங்கள்) அந்த வகை உலோகங்களால் ஆனவை என்பதால், காந்தம் சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைந்துவிட முடியாது, ஃபில்டர் மாற்றுவதைத் தள்ளிப்போடவும் முடியாது.

வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது வெப்பம். சாதாரணத் தரத்து நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினாலே சக்தியை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும், காற்றால் குளிரும் இன்ஜினின் ஆயிலோ 100 டிகிரியை அனாயாசமாகத் தாண்டும். 150 டிகிரி அல்லது அதற்கு மேல் தாங்கும் தரத்து நியோடிமியமோ, 250 டிகிரியிலும் தளராத சமாரியம் கோபால்ட்டோ என்று பொட்டலத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால், வண்டியில் போடுவதற்கு முன் அந்தப் போல்ட் எத்தனை சிறு நட்டுகளைச் சங்கிலியாகத் தூக்குகிறது என்று எண்ணிக்கொண்டு, அரை மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, ஆறிய பின் மறுபடி எண்ணிப் பாருங்கள். நட்டுகள் கணிசமாகக் குறைந்தால் அது ஆயிலுக்குத் தாங்காது. இரண்டாவது, காந்தம் எப்படிப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது. குழிக்குள் இறக்கி, விளிம்பை உள்நோக்கி மடக்கி அடைத்திருந்தால் நம்பலாம். வெறும் பசையால் ஒட்டியிருந்தால் வேண்டாம். பசை விட்டால், துகளைப் பிடிக்கப் போட்ட பொருளே துகளாகிவிடும். மூன்றாவது நீளம். தலையின் அடியிலிருந்து காந்த நுனி வரை அளந்து பழைய போல்ட்டோடு ஒப்பிடுங்கள். நீண்டிருந்தால் உள்ளே இடம் இருக்கிறது என்பது உறுதியாகத் தெரியும் வரை போட வேண்டாம்.

கேள்வி: டைட்டானியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வண்ண அலுமினியம் என்று பல உலோகங்களில் ஆயில் போல்ட்டுகள் வருகின்றன. எது சிறந்தது?

பதில்: துத்தநாகப் பூச்சு உள்ள சாதாரண எஃகு. அழகில்லாத பதில்தான், ஆனாலும் அதில் எனக்குத் தயக்கமில்லை. எடை குறைக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு: 30 கிராம் எஃகு போல்ட்டை அதே வடிவில் டைட்டானியத்தில் செய்தால் 17 கிராம் வரும். மிச்சம் 13 கிராம்; அதைவிட அதிகமான சேறு சக்கர மறைப்பில் ஒட்டியிருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் டைட்டானியமும் துருப்பிடிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஈரமும் உப்பும் சேரும் இடத்தில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு முழுவதையும் அலுமினியத்தின் மேல் தள்ளிவிடும், அதாவது போல்ட் பளபளக்க, கூடு உளுத்துப்போகும். அலுமினியப் போல்ட்டில் ஒரு நல்ல குணம் உண்டு: அளவுக்கு மீறி முறுக்கினால் கூட்டின் மரைக்கு முன் அதன் மரையே பெரும்பாலும் போகும். ஆனால் அதன் தலை சீக்கிரம் மழுங்கும், அலுமினியமும் அலுமினியமும் உரசும்போது ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் பழக்கமும் உண்டு.

தலையில் துளையிட்ட போல்ட்டைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அது பாதுகாப்புக் கம்பி கட்டுவதற்கு. பந்தயத் தடங்களில் ஓட்டுபவர்களுக்குப் பெரும்பாலான போட்டி விதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. போல்ட் தளர முயன்றால் கம்பி அதை இறுகும் திசையில் இழுக்கும்படி கட்ட வேண்டும். அன்றாடச் சாலை ஓட்டத்துக்கு அது தேவையில்லை.

கேள்வி: கசிவைத் தடுக்க மரையில் டெஃப்லான் டேப் சுற்றலாமா?

பதில்: கூடாது. கசிவைத் தடுப்பது வாஷர்தான் என்று மேலே சொன்னோம். டேப் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. மாறாக அதன் நுனிகள் கிழிந்து உள்ளே போய் ஆயில் உறிஞ்சும் வலையில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்க் குழாய்க்கு உரிய கூம்பு மரைப் பிளக்கையும் போடாதீர்கள். அது ஆப்பு போல இறங்கி வார்ப்பைப் பிளந்துவிடும்.

கேள்வி: என்னிடம் முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச் இல்லை. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சரியான எண் உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும். பொதுவாக 12 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை சொல்லியிருப்பார்கள், 14 மி.மீ. போல்ட் உள்ள சில வண்டிகளில் அது 43 வரை போகும். எஃகில் எஃகாக இறுக்கும் வழக்கமான 12 மி.மீ. போல்ட் ஒன்று சுமார் 80 நியூட்டன் மீட்டர் தாங்கும் என்பதை இதோடு ஒப்பிட்டால், பட்டறைக் கையின் பழக்கம் ஏன் ஆயில் போல்ட்டுக்கு ஆபத்து என்பது விளங்கும்.

டார்க் ரென்ச் இல்லாதவர்கள் கொக்கி உள்ள ஸ்பிரிங் தராசு ஒன்றைக் கொண்டு காரியத்தை முடித்துக்கொள்ளலாம். 25 நியூட்டன் மீட்டர் வேண்டுமென்றால், போல்ட்டின் மையத்திலிருந்து சரியாக 20 செ.மீ. தள்ளி ஸ்பேனரின் கைப்பிடியில் கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுத்து, தராசு 12.7 கிலோ காட்டும்போது நிறுத்துங்கள். 15 செ.மீ. தூரத்தில் மாட்டினால் 17 கிலோ. இழுக்கும் கோணம் சாய்ந்தால் கணக்கு பிசகும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். மரையில் கிரீஸோ ஒட்டாமல் தடுக்கும் பசையோ தாராளமாகப் பூசிவிட்டு அதே எண்ணுக்கு இறுக்குவதும் தவறு. உராய்வு குறைவதால் போல்ட் நீங்கள் எண்ணுவதைவிட அதிகமாக இழுக்கப்படும்.

திசையைப் பற்றி ஒரு வார்த்தை. போல்ட்டின் தலை தரையைப் பார்த்திருக்க, நாம் மேலே இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்புகிறோம். அந்தப் பார்வையில், கழற்றும் திசை கடிகார முள் சுற்றும் திசையாகத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒருமுறை, "என்ன இப்படி இறுகிக் கிடக்கிறது" என்று முனகிக்கொண்டே ஸ்பேனரில் குழாயைச் செருகி அழுத்தினேன். போல்ட் திடீரென்று லேசானது; கழன்றுவிட்டது என்று மகிழ்ந்தேன். மரை உரிந்து, வெள்ளிக் கம்பிச் சுருள் போல் போல்ட்டோடு வெளியே வந்தது. நான் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று முதல் தரையில் படுத்து, தலையை நேருக்கு நேர் பார்த்துத் திசையை முடிவு செய்த பிறகே கை வைக்கிறேன்.

கேள்வி: ஆயில் போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மரை போய்விட்டது, கூட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். சற்றுப் பெரிய அளவில், தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் போல்ட் கிடைக்கிறதே, அதைப் போட்டால் போதாதா?

பதில்: கூட்டை மாற்ற வேண்டிய நிலை அபூர்வம். ஆனால் நீங்கள் சொல்லும் போல்ட்டையும் கடைசி வழியாகத்தான் நினைக்க வேண்டும். வழிகாட்ட எதுவுமில்லாமல் அது வெட்டிக்கொண்டு ஏறுவதால், சற்றே சாய்ந்துதான் பெரும்பாலும் ஏறும். சாய்ந்த போல்ட்டின் தலை வாஷரின் ஒரு பக்கத்தை மட்டும் அழுத்தும், மறுபக்கம் கசியும், கசிவை நிறுத்த இன்னும் முறுக்குவார்கள், பிறகு அந்த மரையும் போகும். வெட்டப்பட்ட அலுமினியச் சீவல் இன்ஜினுக்குள் விழுவது தனிக் கதை.

ஒழுங்கான பழுதுபார்ப்பு இரண்டு வகை. ஒன்று, துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால், அதாவது மரை வெட்டும் கருவியால், மரை போட்டு, ஹெலிகாயில் எனப்படும் கம்பிச் சுருளை இறக்குவது. பிறகு பழைய அளவுப் போல்ட்டையே போடலாம். எஃகுச் சுருளில் இறங்கும் மரை முன்பைவிட உறுதியாகவே இருக்கும். ஆனால் சுருளின் வெளிப்புறம் வழியாக ஆயில் கசிந்து வர இடமுண்டு என்பதால், இறக்கும்போது ஆயில் தாங்கும் மரைப் பசை பூச வேண்டும். இரண்டு, உள்ளும் புறமும் மரையுள்ள கெட்டியான புஷ் இறக்குவது. அடிக்கடி கழற்றி மாட்டும் ஆயில் போல்ட்டுக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன். புஷ்ஷின் விளிம்பு கூட்டின் முகத்துக்கு மேலே ஒரு முடியளவும் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. துருத்தினால் வாஷர் அதன் மேல் உட்காருமே தவிர, கூட்டின் மேல் உட்காராது.

இவற்றுக்கு இணையான மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. எம்12×1.5 துளையை 12.5 மி.மீ. துளைக்கருவியால் பெரிதாக்கினால் பழைய மரை முழுவதும் போய், எம்14×1.5 மரை போடச் சரியான துளை கிடைக்கும். அதன் பிறகு தொழிற்சாலையிலேயே எம்14×1.5 போல்ட்டோடு வரும் வண்டிகளின் அசல் ஆயில் போல்ட்டையும் அதற்குரிய வாஷரையும் போட்டுக்கொள்ளலாம். துளையைச் சுற்றிப் போதுமான சதை இருந்தால், பெரிய வாஷர் முழுவதும் உட்காரும் அளவுக்குச் சமமான முகமும் இருந்தால், இது எளிமையானது. வார்ப்புச் சுவர் மெலிதாக இருந்தால் முயல வேண்டாம்.

எந்த வழியானாலும் டேப்பின் பள்ளங்களில் கெட்டியாகக் கிரீஸ் அப்பிக்கொள்ளுங்கள். சீவல் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்பி, இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை டேப்பை வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி கிரீஸ் அப்ப வேண்டும். முடிந்ததும் மலிவான ஆயில் கொஞ்சத்தை மேலிருந்து ஊற்றி, இன்ஜினை இயக்காமல், அடித்துளை வழியே வடியவிட்டு, வடிந்ததைத் துணியில் பிடித்துப் பாருங்கள். மினுக்கும் துகள் நின்ற பிறகே புதிய ஆயிலை ஊற்றுங்கள்.

கேள்வி: போல்ட்டுக்குப் பதிலாக, கைப்பிடியைத் திருப்பினால் ஆயில் வடியும் வால்வு ஒன்றைப் போடலாமா? மரை தேயும் பிரச்சினையே இருக்காதல்லவா?

பதில்: மரை தேயாது என்பது சரிதான். காரில், அடியில் உயரம் இருக்கும் இடத்தில், அது வசதியான சாமானும்கூட. மோட்டார் சைக்கிளில் அந்த இடம் கல்லும் வேகத்தடையும் தேடி வந்து இடிக்கும் இடம். போல்ட்டின் தலை கொஞ்சமாகத் துருத்தியிருக்கும், வால்வோ கீழே தொங்கும். அது உடைந்தால் ஆயில் போகும் இடம் பின் டயர். இன்ஜினுக்கு அடியில் பாதுகாப்புத் தகடு இல்லாத வண்டியில் நான் போட மாட்டேன்.

கேள்வி: புதிய ஆயில் போல்ட், புதிய வாஷர், சரியான முறுக்கு எல்லாம் செய்தாயிற்று. ஆனாலும் காலையில் பார்த்தால் போல்ட்டின் தலையில் ஒரு சொட்டு தொங்குகிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கவா?

பதில்: இறுக்க வேண்டாம். ஆயில் போல்ட் இருப்பது இன்ஜினின் மிகத் தாழ்ந்த இடத்தில். மேலே எங்கே கசிந்தாலும் ஆயில் கூட்டின் மேல் வழிந்து வந்து அந்தத் தலையில்தான் சொட்டாகத் திரளும். கியர் லீவர் நுழையும் தண்டின் ஆயில் சீல், முன் செயின் பல்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சீல், ஃபில்டர் மூடியின் ஓ-ரிங் ஆகிய மூன்றும் வழக்கமான குற்றவாளிகள். ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் மாற்றியிருந்தால் அந்த ஓ-ரிங்கையே முதலில் சந்தேகியுங்கள். பள்ளத்திலிருந்து நழுவி, மூடிக்கு அடியில் நசுங்கியிருக்கலாம்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது அடிப்பகுதி முழுவதையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். போல்ட்டைச் சுற்றிலும், சீல்களுக்குக் கீழேயும், ஃபில்டர் மூடியின் விளிம்பிலும் வெள்ளையாகப் படிந்திருக்க வேண்டும். பிறகு வண்டியை நிறுத்தியபடியே பத்து நிமிடம் இயக்கிவிட்டு, டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் பவுடர் நனைந்து, அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு கறுத்த கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோடு போல்ட்டின் வாஷர் விளிம்பிலேயே தொடங்கினால், ஆயிலை வடித்து, போல்ட்டைக் கழற்றி, கூட்டின் முகத்தில் கீறலோ பழைய வாஷரின் மிச்சமோ இருக்கிறதா என்று பாருங்கள். கோடு மேலிருந்து வந்தால், போல்ட்டை அதன் போக்கில் விட்டுவிட்டு அந்த இடத்துச் சீலை வாங்கக் கிளம்பலாம்.